மடிக்காத இலை

ஆகஸ்ட் 3, திங்கள்

பதினோரு நொடி. காந்திபுரத்தில் தெய்வானை அக்காவின் ஸ்டூடியோவில் நின்றுகொண்டு என் கைக்கடிகாரத்தில் நானே பார்த்தது. ஆல்பம் வடிவமைக்கும் லோகு ஒரு கல்யாணப் படத்தைத் திறக்க மவுஸைத் தட்டினார். பதினோரு நொடி கழித்து மாப்பிள்ளை வந்தார். பெண் வந்தது அடுத்த படத்தில். அதற்கு இன்னொரு பதினோரு நொடி.

அந்தப் படங்கள் இருப்பது எங்கள் பெட்டியில். எட்டுப் பேர் கொண்ட எங்கள் கம்பெனி சேமிப்புப் பெட்டி செய்து விற்கிறது. உள்ளே பெரிய, மெதுவான டிஸ்குகள். அவற்றுக்கு முன்னால் வேகமான நினைவகம் கொஞ்சம், அதுதான் கேஷ். வேண்டிய படத்தை டிஸ்கிலிருந்து எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, கேட்டவுடன் கொடுக்கும் வேலையைச் செய்கிற நிரலுக்குக் கேஷ் டிரைவர் என்று பெயர். நான்கு வருடமாக அதை எழுதிப் பராமரிப்பவள் நான் ஒருத்திதான். அம்மா சொந்தக்காரர்களிடம் "என்ற மவ டிரைவர் வேலை பாக்கறா" என்கிறாள். ஈரோட்டுப் பெரியம்மா ராத்திரி வண்டி ஓட்டாதே என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

தெய்வானை அக்கா சுற்றி வளைத்துப் பேசவில்லை. "ஆனி மாசத்துக் கல்யாணத்துக்கெல்லாம் ஆடிலதான் ஆல்பம் போட்டு முடிப்போம். ஆவணி பொறந்துட்டா மூச்சு உட நேரமிருக்காது. முப்பதாந் தேதி ஞாயித்துக்கெழம ஒரே நாள்ல நாலு கல்யாணம் ஒத்துட்டிருக்கறன். காலைல தாலி கட்டுனா, சாயங்காலம் ரிசப்சன் திரையில படம் ஓடணும். அன்னிக்கும் உங்க பெட்டி இப்புடியே முக்குச்சுன்னா எடுத்துட்டுப் போயிருங்க கண்ணு."

திரும்பும்போது காரை ஓட்டியது எங்கள் முதலாளி சம்பத் சார். பாதி வழியில், இந்த ஸ்டூடியோவும் பெட்டியைத் திருப்பிவிட்டால் சொந்த டிரைவர் எழுதும் வேலையை நிறுத்திவிடப்போவதாகச் சொன்னார். வெளியூர்க் கம்பெனி ஒன்றின் பெட்டியை வாங்கி விற்கலாமாம். எனக்கு வேலை போகாதாம். வீடு வீடாகப் போய்ப் பொருத்தித் தரும் பிரிவில் உட்காரலாமாம்.

எனக்குக் கவலை ஒன்றும் இல்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். டிஸ்க் மெதுவாக இருப்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என் டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. படம் கேஷுக்கு வருகிறது. அங்கிருந்து நடுவில் ஒரு இடத்துக்கு நகல் எடுக்கப்படுகிறது. அந்த இடத்திலிருந்து வெளியே அனுப்புகிற இடத்துக்கு இன்னொரு நகல். எதிலாவது யாராவது திருத்தம் செய்தால் என்ன ஆவது என்று மூன்றாவதாக ஒன்று. அக்காவின் ஸ்டூடியோவில் படத்தைச் சுருக்காமல் முழுசாக வைப்பார்கள். அவ்வளவு பெரிய படம் பெட்டியை விட்டுக் கிளம்புவதற்கு முன் உள்ளேயே மூன்று முறை வீடு மாறுகிறது.

நான்கு வருடத்துக்கு முன் யாரோ பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள்.

நகலே எடுக்கக் கூடாது. கேஷில் படம் இருக்கிற இடத்தையே, எங்கள் பாஷையில் பக்கத்தையே, "இதோ, இங்கே இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று கேட்டவருக்குக் காட்டிவிட வேண்டியதுதான். இவ்வளவு எளிய விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது. கோபத்தோடு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

3.1 நொடி!

யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா, சம்பத் சார், வாட்ச்மேன், பீளமேடு பஸ் நிறுத்தத்தில் எட்டு வருடம் கழித்துப் பார்த்த கல்லூரித் தோழி ஆகியோர் தவிர.

ஆகஸ்ட் 8, சனி

பரிசோதனை நாள். எங்கள் டிரைவரைச் சோதிக்கும் பொறுப்பு பெனாசிருடையது. உக்கடத்துப் பெண், என்னைவிட ஆறு வயது சின்னவள், வாய் மட்டும் ஆறு வயது மூத்தது. பெட்டியில் நாற்பதாயிரம் கோப்புகளை நிரப்பி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டு, போட்டதுதான் திரும்பி வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு கோப்பிலும் வேறு வேறு விவரம் போட வேண்டும் என்றாள். அதற்கு ஒரு நாள் பிடிக்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நிரப்பச் சொன்னேன்.

மாலையில் ஒரே ஒரு கோப்பு தப்பு என்று வந்தது. என்னவென்று பார்த்தால், பெனாசிர் விளையாட்டாகத் தன் பூனை சுல்தானின் படம் ஒன்றை நடுவில் சொருகியிருக்கிறாள். அதில் பூனைக்குத் தலை மட்டும் இருந்தது.

"பூனை படந்தான் கெட்டுப்போயிருக்குது," என்றேன்.

"வாணிக்கா, காலைல முழுப் பூனையா இருந்துச்சு."

"கேபிள் சரியில்லாம இருக்கும். அத எடுத்துட்டு ஓட்டு."

பூனையை எடுத்துவிட்டோம். நாற்பதாயிரமும் பாஸ். இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, திங்கள்

புது டிரைவரை ஸ்டூடியோப் பெட்டியில் ஏற்றினோம். லோகு மவுஸைத் தட்டினார். மாப்பிள்ளை வந்தார். லோகு என்னைப் பார்த்தார், மறுபடி தட்டினார், பெண் வந்தது. பிறகு அவர் சின்னப் பையன் மாதிரி வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். ஒரு கல்யாணம் முழுவதும், நலங்கிலிருந்து மறுவீடு வரை, கண்முன்னால் ஓடியது.

அக்கா ஒரு கிலோ மைசூர்பா வாங்கி வரச் சொல்லி என் கையில் கொடுத்தார். "வாணிங்கற பேர மறக்க மாட்டேன் கண்ணு," என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். அரை கிலோவை நானே தின்றேன்.

ஆகஸ்ட் 12, புதன்

3.1. அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஆவணி முதல் நாள். கோவிலுக்குப் போய்விட்டு ஆபீஸில் கால் வைத்ததும் போன். தெய்வானை அக்கா. குரல் தணிந்து இருந்தது. அவர் கத்தினாலே தேவலை.

"வாணி, ஒரு ஆல்பம் திரும்பி வந்திருக்குது. நாளைக்குக் காலைல கெளம்பி வா. கவுண்டம்பாளையம் போவணும். நீயும் வரோணும்."

என்ன ஆல்பம், என்ன பிரச்சினை என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அச்சகத்தில் மை கொட்டியிருக்கும் என்று பெனாசிரிடம் சொன்னேன். அவள் தன் போனில் பூனைப் படத்தைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

கவுண்டம்பாளையத்தில் அந்த வீடு. பெண்ணின் அம்மா சாந்தாமணி அம்மாள் எங்களை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, அதன் பிறகே ஆல்பத்தை எடுத்தார். கட்டில் அகலத்துக்கு ஒரு ஆல்பம். பதினான்காம் பக்கத்தைப் பிரித்தார். மணவறையில் பெண் நிற்கிறாள். சிரித்த முகம், பூ ஜடை, அரக்குப் பட்டு. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. எங்க புள்ளைக்கு எடுத்தது அன்னம் போட்ட கரை. நாலு கடை ஏறி எறங்கி நானே எடுத்தது. மேல முந்தியில பாருங்க, அன்னம். இடுப்புக்குக் கீழ பாருங்க, மாங்கா. எங்க புள்ள இடுப்புக்குக் கீழ நிக்கறது யாருங்க?"

குனிந்து பார்த்தேன். இடுப்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. அதற்கு மேலே இவர் மகள், கீழே வேறு கல்யாணத்துப் பெண். இரண்டு கல்யாணமும் அதே மண்டபம், அதே மணவறை, அதே இடத்தில் நிறுத்திய கேமரா. இரண்டுமே அரக்குப் பட்டு. லோகு பார்த்திருக்கிறார், அச்சகத்தில் பார்த்திருக்கிறார்கள், மாப்பிள்ளையே பத்து தடவை பார்த்திருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டு எடுத்த கைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"பெட்டியில ஒரு சின்னத் தப்புங்க," என்று ஆரம்பித்தேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "பெட்டிக்குத் தானா புத்தி இருக்குதா?"

"என்னோட தப்புங்கம்மா. வேகமா வரோணும்னு நாந்தான் மாத்துனேன். உங்க படம் டிஸ்குல பத்திரமா இருக்குது. புதுசா அடிச்சுத் தந்துடறோம்."

சாந்தாமணி அம்மாள் ஆல்பத்தை மூடினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "செரி, போச்சாது, உடுங்க. அடிச்சுக் குடுத்துருங்க. அந்த மாங்கா கரை எந்தக் கடைல எடுத்ததுன்னு மட்டும் அந்த ஊட்டுக்காரங்களக் கேட்டுச் சொல்றீங்களா? சின்னவளுக்குப் பாத்துட்டிருக்கறோம்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வெளியே வந்ததும் அக்கா அதை அடக்கினார். "அவிய பெருசு பண்ணலீனு நீ சிரிக்காத. இருவத்தாறு வருசமா இந்தத் தொழில்ல இருக்கறன். ஒரு ஆல்பம் திரும்பி வந்ததில்ல."

ஆகஸ்ட் 19, புதன்

சம்பத் சார் அறையில் பஞ்சாயத்து. பூனை விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முன்பே தெரிந்தும் மூடி மறைத்தேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தாலும் யாருக்குத் தெரியும்? வித்தியாசமாக இருந்தது பூனை ஒன்றுதான். அது தன் உடம்பைப் பறிகொடுத்துச் சாட்சி சொன்னது. நான் சாட்சியைக் கலைத்துவிட்டேன்.

"பழசையே போட்டுடு," என்றார் சார்.

"பதினோரு நொடி ஆகும் சார்."

"ஆகட்டும் வாணி. பதினோரு நொடிலயாவது ஒரே பொண்ணு முழுசா வந்துச்சு."

இருபத்தெட்டாம் தேதி வரை அவகாசம் கேட்டேன். அவர் அக்காவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். அதுவரைக்கும் ஸ்டூடியோவில் பழைய டிரைவர் ஓடட்டும் என்றார் அக்கா. "ஆனா முப்பதாந் தேதி வேகமும் வேணும், பொண்ணும் முழுசா வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லீனாலும் பெட்டி வேணாம்."

இடத்துக்குத் திரும்பியதும், அந்த மூன்று நகலையும் எழுதிய பயந்தாங்கொள்ளி யார் என்று பெனாசிர் கணினியில் தேடி எடுத்துக் காட்டினாள். கோகிலவாணி என்று என் முழுப்பெயர் இருந்தது. அவளுக்கு அதில் என்ன சந்தோஷமோ. ஆனால் ஒன்று, அந்தக் கோகிலவாணி பயந்ததில் நியாயம் இருந்திருக்கிறது. எதற்குப் பயந்தேன் என்பதுதான் மறந்துபோயிற்று.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஒன்றும் புரியவில்லை. பக்கம் எங்கே மாறுகிறது? அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

சம்பத் சாரின் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். போகாவிட்டால் மரியாதை இல்லை என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். முதல் பந்திக்கே இடம் பிடித்துவிட்டாள். நான் சாம்பாரை முடித்து ரசத்துக்குப் போகும்போது, அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். என் பின்னால் நின்ற பெரியவர் என் இலையை எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது லோகு போன் செய்தார். சத்தத்தில் கேட்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தால் என் இலையைக் காணோம். என் இடத்தில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் புது இலை, அதில் உப்பும் இனிப்பும் வைத்தாகிவிட்டது. காணாமல் போன இலையில் என் ஜிலேபி முழுசாக இருந்தது. கடைசியில் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மூன்று நாள் தூக்கமின்மையும் காரணம். இலை எடுக்கும் ஆளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, நான் சாப்பிட்டு முடிக்கவே இல்லையே. இலைய எதுக்கு எடுத்தீங்க?"

"எந்திரிச்சுப் போனீங்களேம்மா. முடிச்சாச்சுன்னு எடுத்தமுங்க."

"எந்திரிச்சா முடிச்சாச்சா? இலைய மடிச்சேனா நானு? மடிக்காத இலைய எப்படிங்க எடுப்பீங்க?"

"பின்னால ஆளுக நிக்கறாங்களேம்மா. எடுத்துக் குடுக்காம என்ன பண்றது? அதுவுமில்லாம எல்லாரும் மடிச்சுட்டா போறாங்க? மடிச்சாத்தான் எடுப்பேன்னு நின்னா இந்தப் பந்தி என்னிக்கு முடியும்?"

"மடிக்காத இலைய எடுத்தா," என்று மறுபடி ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டேன்.

இதே தப்பைத்தானே என் டிரைவர் செய்துகொண்டிருக்கிறது! நகல் எடுத்துக் கொடுத்த காலத்தில் கேட்டவர் தன் பங்கைத் தனியாக வாங்கிக்கொண்டு போய்விடுவார். கேஷில் இருக்கும் பக்கத்தை உடனே துடைத்து அடுத்த படத்துக்குக் கொடுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது நான் பக்கத்தையே காட்டுகிறேன். லோகுவின் கணினி அதிலிருந்து பாதிப் படத்தைத்தான் எடுத்திருக்கிறது. அதற்குள் அடுத்த படம் பின்னால் வந்து நிற்கிறது. காட்டியாயிற்று, முடிந்திருக்கும் என்று டிரைவர் அந்தப் பக்கத்தைத் துடைத்து அடுத்த கல்யாணத்தைப் போட்டுவிடுகிறது. மீதிப் பாதிக்குக் கை நீட்டினால் கிடைப்பது மாங்காய்க் கரை.

சாப்பிடுகிறவர்தான் மடிக்க வேண்டும். அவர் மடிக்காதவரை யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

மண்டபத்தின் நடுவில் நின்று சிரித்திருக்கிறேன். இலை எடுக்கிறவர் பயந்துபோய் இரண்டு ஜிலேபி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ளாமலே வந்துவிட்டோம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆகஸ்ட் 22, சனி

எழுதிக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எண்ணிக்கை. அதை எத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கிறார்களோ அத்தனை. படிக்கத் தொடங்கினால் ஒன்று கூடும், முடித்தால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆகாத பக்கத்தை டிரைவர் தொடாது.

ஆகஸ்ட் 24, திங்கள்

பெனாசிர் இந்த முறை என்னிடம் யோசனை கேட்கவில்லை. நாற்பதாயிரம் கோப்பிலும் வேறு வேறு விவரம். ஒரு நாள் முழுக்க நிரப்பினாள். சுல்தான் பூனைக்கு நாற்பது படங்கள், தூங்குவது, கொட்டாவி விடுவது, என் பையில் படுத்திருப்பது உட்பட. ஓட்டினோம். ஒரு தப்பும் இல்லை. நாற்பது பூனைக்கும் தலை, வால் எல்லாம் இருந்தன.

3.2 நொடி. எண்ணிக்கைக்காக ஒரு சிறு துளி கூடியிருக்கிறது. போகட்டும்.

"இப்ப நம்பறியா?" என்றேன்.

"உங்கள எப்பவும் நம்புவேன்க்கா. உங்க அவசரத்தத்தான் நம்ப மாட்டேன்," என்றாள்.

ஆகஸ்ட் 26, புதன்

நேற்றுக் காலை ஸ்டூடியோவில் ஏற்றினோம். இன்று மதியம் இரண்டு மணிக்குப் பெட்டி நின்றுவிட்டது. மெதுவாகக்கூட ஓடவில்லை. அடியோடு நின்றுவிட்டது. நினைவகம் முழுக்க நிரம்பி, புதுப் படத்துக்கு இடமே இல்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களை யாரோ இன்னும் படித்துக்கொண்டிருப்பதாக எண்ணிக்கை சொல்கிறது. படிப்பதற்கு ஆளே இல்லை.

அக்கா வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போய்விட்டார். இன்னும் நாலே நாள்.

லோகுவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் வேலை செய்வதை ஒரு மணி நேரம் பார்த்தேன். மனிதர் இருபது படத்தைத் திறப்பார். பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்வார். மீதிப் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாக மூடுவாரா? மாட்டார். நிரலையே ஒரே அடியில் நிறுத்திவிட்டு மறுபடி திறப்பார்.

"எதுக்குங்க இப்புடி?"

"ஒண்ணொண்ணா மூட யாருங்க இருக்கறா? இது சுலுவுங்க."

மடிக்காமல் எழுந்து போகிறவர் இவர்தான். பந்தியில் அந்த ஆள் எல்லாரும் மடிச்சுட்டா போறாங்க என்று கேட்டது காதில் விழுந்தும், என் ஜிலேபி நினைப்பில் அதைக் கேட்காமல் விட்டேன். அவர் சொன்னதிலும் பாதி சரி. என் சண்டையில் நான் ஜெயித்ததால் வந்த வினை.

ஆகஸ்ட் 28, வெள்ளி

முடிந்தது. மடிக்காமல் போனவர் உண்மையிலேயே போய்விட்டாரா, இல்லை ஜன்னல் பக்கம் போன் பேசுகிறாரா என்று டிரைவர் இப்போது விசாரிக்கும். நிரலே நின்றுவிட்டது என்று உறுதியானால் அதன் பக்கங்களைத் தானே எடுத்துவிடும். உயிரோடு இருந்தால் காத்திருக்கும். இன்னொன்றும் செய்தேன். பழைய மூன்று நகல்களில் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டேன். ஒருவர் படத்தைத் திருத்தும்போது இன்னொருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு நகல். நான்கு வருடத்துக்கு முந்தைய கோகிலவாணி சுத்த முட்டாள் இல்லை.

லோகு மாதிரியே நிரலை அடித்து நிறுத்தும் சோதனை ஒன்றைப் பெனாசிர் எழுதினாள். அதற்கு லோகு என்றே பெயர் வைத்தாள். நூறு லோகுவை ஒரே நேரத்தில் ஓட்டினோம். பெட்டி அசரவில்லை.

சம்பத் சார் சரி என்றார். அக்கா, "பாக்கலாம்," என்றார்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

காலை ஆறு மணிக்கே ஸ்டூடியோவுக்குப் போய்விட்டேன். அக்காவும் லோகுவும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். என்னை யாரும் வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

எட்டரைக்கு முதல் மண்டபத்திலிருந்து கேமரா அட்டைகள் வந்தன. ஒன்பதுக்கு இரண்டாவது. ஒன்பதேகாலுக்கு மூன்றும் நான்கும் சேர்ந்து வந்தன. ஆறாயிரம் படங்கள் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போதே ஐந்து கணினியிலும் படம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒவ்வொரு திரையாகப் போய் நின்று பட்டுக் கரைகளைப் பார்த்தேன். சிவப்புக்குச் சிவப்பு சேர்ந்திருக்கிறதா, கோடு ஏதும் தெரிகிறதா. நாலு பெண்களின் கரையும் எனக்கு மனப்பாடம். பதினோரு மணிக்கு லோகு நிரலை அடித்து நிறுத்தினார். அவர் மறுபடி திறந்தார். படம் வந்தது.

பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. யாரும் என்னிடம் பேசவில்லை. பேச நேரமும் இல்லை. அக்கா மட்டும் இடையிடையே ஏதாவது ஒரு திரைக்குப் பின்னால் வந்து நிற்பார், பார்ப்பார், போய்விடுவார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. மூன்றரைக்கு முதல் மண்டபத்துக்கான தொகுப்பு கிளம்பியது. நாலு மணிக்குள் நாலும் கிளம்பிவிட்டன. எல்லாப் பெண்ணும் முழுசாக. நான் பயத்தில் இன்னும் கரைகளையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலேகாலுக்குக் கீழே டீக்கடை வைத்திருக்கும் வேலுச்சாமி அண்ணன் படியேறி வந்தார். அவர் மேலே வந்து நான் பார்த்ததில்லை. தோளில் துண்டு, முகத்தில் வருத்தம்.

"ஏனுங்கக்கா, எங்க டீ மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

அக்கா நிமிர்ந்தார். "என்ன கோவம்?"

"காலைலயிருந்து ஒரு ஆள்கூட எறங்கி வரலீங்களே. முகூர்த்த நாள்ல ஆளுக்கு எட்டு டீ ஓடுமுங்க. பால் அப்படியே கெடக்குது. சக்கரை கூடிப்போச்சுங்களா? சொன்னா மாத்திக்கறனுங்க."

லோகுதான் முதலில் சிரித்தார். இருபது படத்தைச் சேர்த்துத் தட்டிவிட்டு, அவை திறப்பதற்குள் இறங்கிப் போய் டீ குடித்து வருவது அவர்கள் எல்லாருக்கும் வழக்கமாம். இன்று யாருக்கும் காத்திருக்க ஒரு படமும் இல்லை. காத்திருக்கவில்லை என்பது அவர் வந்து கேட்கும்வரை அவர்களுக்கே தெரியவில்லை. சிரித்துச் சிரித்து ஒருவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வேலுச்சாமி அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அக்கா சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவரிடம் சொன்னார்: "உன்ற டீ நல்லாத்தான் இருக்குது. இனிமே கீழ யாரும் வர மாட்டாங்க, நேரமிருக்காது. நீயே தெனமும் மேல கொண்டாந்து குடுத்துரு. இந்தப் பெட்டி இங்கதான் இருக்கப்போவுது."

என்னிடம் சொல்லவில்லை. டீக்காரரிடம் சொன்னார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"செரீங்கக்கா. எத்தன டீங்க?"

அக்கா ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணினார். ஐந்து கணினிக்கு ஐந்து பேர். அவரோடு ஆறு. விரல் என் பக்கம் வந்து நின்றது.

"ஏழு," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ வரும்வரை அழுதேன்.

ஆகஸ்ட் 31, திங்கள்

லீவு. பன்னிரண்டு மணி வரை தூங்கினேன்.